கச்சானில் வளரும் சிவப்பா, தொட்டியில் ஊறும் நீலமா?

அக்காவின் நெசவு நிலையம் இலங்கையின் வன்னியில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற றோட்டில் இருக்கிறது. ஐந்து தறி, ஏழு பெண்கள். நெய்வதெல்லாம் பருத்தி: சாரம், துவாய், மேசைவிரிப்பு, கேட்டு வந்தால் ஒரு சேலை. கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் போன வருடம் வந்து பார்த்துவிட்டு, கடைச் சாயம் இல்லாமல் இயற்கை நிறத்தில் தந்தால் நூறு துவாய் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறவன். வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். பற்றீரியாவிலிருந்து நல்ல சிவப்பு எடுக்கலாம், அதுவும் கச்சான் (நிலக்கடலை) தூளிலேயே வளரும் என்று ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அக்கா என்னை விடவில்லை. "கச்சான் எங்கட வளவிலேயே கிடக்கு. சிவப்பு எப்ப வரும்?"

பதில் சொல்லப்போய் ஐந்து மாதம் ஓடிவிட்டது. நான்கு பற்றீரியா நிறங்களையும், பற்றீரியா நிறம் தராமல் வேறு வேலை செய்கிற ஒரு பழைய தொட்டியையும் மாற்றி மாற்றி யோசித்தோம். சிலவற்றைச் செய்தும் பார்த்தோம். சின்ன நிலையம் வைத்திருக்கிற வேறு யாருக்காவது இந்தக் கணக்கு உதவலாம்.

முதலில் அந்தச் சிவப்பு. அதைத் தருவது செராற்றியா மார்செசென்ஸ் என்ற பற்றீரியா. 1819இல் இத்தாலியின் பாதுவா நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீடுகளில், கிண்டி வைத்த சோளமாக் களி இரத்தம் சொட்டினதுபோலச் சிவந்து போயிற்று. பேய் வேலை என்று சனம் பயந்தது. பார்த்தொலோமியோ பிசியோ என்ற மருந்தாளர் அந்தக் களியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுக் களியில் வைத்து, அதுவும் சிவப்பதைக் காட்டினார். நிறத்துக்குப் பெயர் புரோடிஜியோசின். நம் வீட்டுக் குளியலறை மூலையில் ஈரம் காயாத இடத்தில் சிலசமயம் இளஞ்சிவப்பாக வழுவழுவென்று படியுமே, அதிலும் சிலவேளை இந்த ஆள் இருப்பார்.

கச்சான் கதை பொய்யில்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வழமையான ஆய்வுகூட ஊடகத்தில் (பற்றீரியா வளர்க்கிற சத்து நீரில்) மில்லிலீற்றருக்கு அரை மில்லிகிராம் அளவில் வந்த நிறம், கச்சான் தூள் கலந்த நீரில் 38 மில்லிகிராமுக்கு மேல் போயிற்று. எள்ளுத் தூளிலும் நல்ல விளைவு. விதையிலுள்ள கொழுப்பமிலங்களே காரணம் என்பது அவர்களுடைய விளக்கம். இரண்டும் வன்னி மண்ணில் விளைகிறவை என்பதால் எனக்கும் ஆசை தலைக்கு ஏறியது உண்மை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு துவாய் 200 கிராம் என்றால் நூறு துவாய்க்கு 20 கிலோ பருத்தி. நடுத்தரமான நிறம் பிடிக்கத் துணியின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு சாயம் என்றாலும் 200 கிராம் வேண்டும். சாதாரண ஊடகத்தில் அதற்கு 400 லீற்றர் வளர்க்க வேண்டும். கச்சான் நீரில் ஆறு லீற்றர் போதும். இந்த ஆறு லீற்றரை நான் முழுதாக நம்பவில்லை. குடுவையில் அளந்த எண் வேறு, கச்சான் எண்ணெயோடு கலந்து கிடக்கிற நிறத்தைப் பிரித்துத் துணிக்கு ஏற்றும்போது மிஞ்சுவது வேறு. பத்தில் ஒரு பங்கு மிஞ்சினால்கூட அறுபது லீற்றர். அதுவும் வேறு கிருமி தொற்றாமல், அசைத்துக்கொண்டே, 28 முதல் 30 பாகை செல்சியஸில். இங்கேதான் வன்னி குறுக்கே நிற்கிறது. சாதாரண ஊடகத்தில் இந்தப் பற்றீரியா 37 பாகையில் நன்றாக வளரும், ஆனால் நிறம் தராது. சித்திரை மாதத்துத் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் எத்தனை பாகை என்று நான் சொல்லத் தேவையில்லை. கிருமி கொழுத்திருக்கும், சட்டி வெள்ளையாகக் கிடக்கும்.

நிலையத்துக்குள் உயிருள்ள கிருமியைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற நண்பர் ஒருவர், கிருமி நீக்கி அற்ககோலில் கரைத்த நிறத்தைச் சின்னப் போத்தலில் தந்தார். புரோடிஜியோசின் தண்ணீரில் கரையாது. அற்ககோலிலும் அசற்றோனிலும் கரையும். பழைய பட்டுச் சேலைத் துண்டு ஒன்றையும் அக்காவின் பருத்தித் துண்டு ஒன்றையும் சேர்த்து நனைத்தோம். பட்டு செம்பருத்திபோல எழும்பியது. பருத்தி வெளிறிய ரோசா. இது எங்கள் கைப்பிழை இல்லை. பட்டு, கம்பளி, நைலோன் போன்றவற்றைத்தான் இந்த நிறம் நன்றாகப் பிடிக்கும். பருத்தியில் ஒட்டிக்கொள்ள அதற்குப் பிடிமானம் குறைவு.

அடுத்த நாள் துவைத்தோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு விரல் நகம் தடிப்பில் இருக்கும். அந்தத் தண்ணீரும் சவர்க்காரமும் சேர்ந்தவுடன் ரோசா செம்மஞ்சளாக மாறியது. புரோடிஜியோசின் அமிலத்தில் சிவப்பு, காரத்தில் செம்மஞ்சள். தேசிக்காய்ச் சாறு விட்டால் திரும்பிச் சிவக்கும். வகுப்பில் காட்ட அருமையான வேலை, துவாய்க்கு ஆகாது. பிறகு பட்டுத் துண்டின் பாதியை மட்டையால் மூடிக் கொடியில் போட்டேன். மூன்று நாளில் மூடின பாதியும் வெயில் பட்ட பாதியும் இரண்டு வெவ்வேறு துணிபோல ஆகிவிட்டன.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை என்றே வைத்துக்கொள்வோம். பட்டு நெய்கிறவர், மழைநீர் சேர்த்து வைத்திருக்கிறவர், சுவரில் மாட்டுகிற அலங்காரத் துணி விற்கிறவர் இந்தச் சிவப்பைப் பற்றி யோசிக்கலாம். என்னைத் தடுத்தது வேறு. செராற்றியா தீங்கில்லாதது என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். நிறம் கண்ணுக்குத் தெரிகிறபடியால் காற்றில் கிருமி எப்படிப் பரவுகிறது என்று பார்க்க அதையே பாவித்தார்கள். 1950 செப்டெம்பரில் அமெரிக்கக் கடற்படை சான் பிரான்சிஸ்கோ நகரின் மேலே இதை இரகசியமாகத் தூவியது. அதன்பிறகு அங்கே ஒரு மருத்துவமனையில் பதினொரு பேருக்கு இந்தக் கிருமியால் தொற்று வந்தது, ஒருவர் இறந்துபோனார். தூவியதுதான் காரணமா என்பது நீதிமன்றம்வரை போயும் நிறுவப்படவில்லை. ஆனால் நோயாளிகளிடமும் குழந்தைகளிடமும் புண் உள்ளவர்களிடமும் இது தொற்றக்கூடியது, பல மருந்துகளுக்கு மசியாதது என்பதில் இன்றைக்குச் சந்தேகம் இல்லை. அக்காவின் நிலையத்தில் இரண்டு பேருக்குச் சீனி வருத்தம். ஒருவருக்குக் காலில் ஆறாத புண். பாடசாலை விட்டால் பிள்ளைகள் தறிக்குக் கீழேதான் விளையாடுவார்கள். வளர்த்த சட்டி, கரண்டி, கழிவுத் தண்ணீர் எல்லாவற்றையும் 121 பாகையில் அழுத்தத்தில் வைத்து அவித்த பிறகே வெளியே விட வேண்டும். அதை யார் ஒவ்வொரு நாளும் செய்வது? முதல் மாதம் செய்வோம். மூன்றாம் மாதம் "இண்டைக்கு மட்டும்" என்று வாய்க்காலில் ஊற்றுவோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஊதாவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வயலசீன் என்ற அந்த நிறம் பார்க்க மற்ற எல்லாவற்றையும் விட வடிவு. ஜப்பானில் ஈரமாய்க் கிடந்த பட்டு நூலில் தானாகவே ஊதா படர்ந்ததைக் கண்டு, அதிலிருந்து ஜாந்தினோபற்றீரியம் என்ற பற்றீரியாவைப் பிரித்து, பட்டும் பருத்தியும் கம்பளியும் நனைத்துப் பார்த்து 2000இல் எழுதினார்கள். வெயிலில் மங்குவதை அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். ஜாந்தினோபற்றீரியம் குளிர் விரும்பி. 25 பாகைக்குப் பக்கத்தில் வைத்திருக்க வன்னியில் ஏசி போட வேண்டும். (தவளைத் தோலில் குடியிருந்து, தவளைகளைக் கொல்கிற பூஞ்சையிலிருந்து காப்பாற்றுவதும் இதே பற்றீரியாதான். அந்த வேலைக்கு அது மிகவும் பொருத்தம்.) வெப்பம் தாங்குகிற ஊதா வேண்டுமென்றால் குரோமோபற்றீரியம் வயலேசியம் இருக்கிறது. அது நம்மைப்போன்ற வெப்பநாடுகளின் மண்ணிலும் தேங்கின தண்ணீரிலும் இயல்பாக வாழ்வது. மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. தொற்றினால் இரத்தத்தில் ஏறி உயிரை எடுத்துவிடுகிற வகை. காயத்தின் வழியாகத்தான் பெரும்பாலும் புகும். நிறத்துக்காக அதை வாளிக்கணக்கில் வளர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊதா அத்தோடு முடிந்தது.

மூன்றாவதில் கொஞ்சம் தடுமாறினேன். ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர். பெயரிலேயே வானத்து நிறம் இருக்கிறது. ஆவணியில் வெடித்துக் கிடக்கிற வயலில் முதல் மழை விழும்போது எழும்புகிற மண்வாசனை தெரியுமல்லவா, அந்த வாசனையைச் செய்வது இந்தக் குடும்பம்தான். இதில் வருகிற அக்டினோரோடின் என்ற நிறம் அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம். நம் கல்லுத் தண்ணீர் இங்கே எதிரி இல்லை, உதவி. மனிதருக்கு நோய் கொடுக்கிற பெயரும் இதற்கு இல்லை. லண்டனில் நற்சாய் ஓட்ரி சீசா என்ற வடிவமைப்பாளர் பட்டின் மேலேயே இதை வளரவிட்டு, மடிப்புக்கு மடிப்பு வேறு வேறு நிறமாக வருகிற துணிகள் செய்திருக்கிறார். படங்களைக் காட்டியபோது அக்கா நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கேட்டார், "ரெண்டு துவாய் ஒரே மாதிரி வருமே?" வராது. ஒரு தரம் வளர ஒரு கிழமைக்கு மேல் ஆகும், வேறு கிருமி புகாத அறை வேண்டும், கடைசியில் வியர்வை பட்ட இடம் சிவந்து போகும். முகம் துடைக்கிற துவாயில் அது நடந்தால் வாங்கினவர் என்ன நினைப்பார்?

மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைக் கொண்டு துணியிலேயே நேரடியாக நிறம் படியவைக்கிற வேலையை இங்கிலாந்தின் கலரிஃபிக்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. தண்ணீரும் இரசாயனமும் மிச்சம் என்பது அவர்கள் வாதம், நியாயமானதுதான். அது பெரிய சாயத் தொழிற்சாலைகளுக்கான பேச்சு. ஐந்து தறிக்கு இல்லை.

நான்காவது ஸ்பைருலினா. இதைப் பாசி என்று சொன்னாலும் உண்மையில் ஒளித்தொகுப்புச் செய்கிற பற்றீரியாதான். எல்லாவற்றையும் விட வன்னிக்குப் பொருத்தமான உயிர் இதுவே என்று சொல்வேன். 35 பாகை வெப்பம் இதற்குச் சுகம். வெயில் வேண்டும், அது நிறைய இருக்கிறது. லீற்றருக்குப் பதினாறு பதினேழு கிராம் அப்பச்சோடா கரைத்த காரத் தண்ணீரில் வளர்வதால் மற்ற உயிர்கள் எளிதில் புகுந்து கெடுக்காது. வடிக்கத் துணி போதும். இதிலிருந்து எடுக்கிற பைக்கோசயனின் தண்ணீரிலேயே கரைகிற பளிச்சென்ற நீலம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2013இல் இனிப்புகளுக்கும் சுவிங்கத்துக்கும் இதை அனுமதித்தது. துணிக்கு மட்டும் சரிவராது: அது ஒரு புரதம். அறுபது பாகைக்குச் சூடாக்கினாலே நிறம் செத்துவிடும், துவைத்தால் போய்விடும்.

ஆனால் என் மருமகன், அக்காவின் மூத்தவன், கிளிநொச்சியில் ஒரு ஜூஸ் கடை போட யோசித்துக்கொண்டிருக்கிறான். ஐஸ்கிறீமுக்கு அவன் இதை எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நிபந்தனை: நம்பிக்கையான இடத்திலிருந்து விதைப்பாசி வாங்கித் தொட்டியில் வளர்க்க வேண்டும். குளத்தில் பச்சையாய் மிதப்பதை அள்ளிக் காய வைத்துவிட்டு ஸ்பைருலினா என்று சொல்லக்கூடாது. அந்தப் பச்சையில் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு சுரக்கும் வகைகள் உண்டு.

ஆக, நிறம் தருகிற பற்றீரியா நான்கும் அக்காவின் பருத்திக்கு ஆகவில்லை. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருக்கவே முடியாது. அப்போதுதான் அவுரி நினைவுக்கு வந்தது. நீலம் செடியுடையதுதான், ஆனால் அதைத் துணிக்குள் அனுப்புகிற வேலை பற்றீரியாவினது.

அவுரி நீலம் தண்ணீரில் கரையாத தூள். கரையாததைத் துணி குடிக்காது. அதனிடமிருந்து ஒட்சிசனின் பிடியை எடுத்து, மஞ்சள்பச்சையாகக் கரைய வைத்தால் நூலுக்குள் இறங்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டவுடன் மறுபடி நீலமாகி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கடைக்காரர்கள் இதற்கு ஹைட்ரோஸ் என்ற இரசாயனம் போடுகிறார்கள். அரை மணித்தியாலத்தில் வேலை முடியும். பழைய ஆட்கள் சுண்ணாம்பும் தவிடும் வெல்லமும் போட்டு ஊற வைத்தார்கள். தென்னிந்தியத் தொட்டிகளில் ஊசித்தகரை விதையை அவித்துச் சேர்ப்பதும் உண்டு. அந்த ஊறலுக்குள் காரம் தாங்குகிற, காற்றில்லாமல் வாழ்கிற பற்றீரியா பெருகி நீலத்தைக் கரைய வைக்கிறது. ஐரோப்பாவின் வோட் என்ற நீலச் செடித் தொட்டியிலிருந்து 1999இல் ஒன்றைப் பிரித்துக் குளொஸ்ட்ரிடியம் இசற்றிடிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானியத் தொட்டிகளில் ஆல்கலிபற்றீரியம் என்ற இனம் கிடைத்திருக்கிறது. யாரும் அவற்றை வாங்கி விடுவதில்லை. தவிட்டோடும் இலையோடும் தாங்களாகவே வந்து சேர்கின்றன.

எங்கள் பக்கத்துக் குறைகள் எல்லாம் இங்கே தலைகீழாகிவிட்டன. கல்லுத் தண்ணீர் பரவாயில்லை, சுண்ணாம்புதானே போடப்போகிறோம். வெக்கை நல்லது, தொட்டி சூடாகவே இருக்கும். இவ்வளவு காரம் பட்டையும் கம்பளியையும் அரித்துவிடும், பருத்திக்கு ஒன்றும் செய்யாது. ஆய்வுகூடம் வேண்டாம், கரண்ட் வேண்டாம். அந்தக் காரத்தில் சாதாரண நோய்க்கிருமிகளுக்குப் பிழைப்பும் இல்லை. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து, கையுறை கட்டாயம். அந்தப் பயம் மட்டும் இருக்கட்டும்.

புளியமரத்துக்குக் கீழே 60 லீற்றர் பிளாஸ்ரிக் பரல் ஒன்றில் தொடங்கினோம். நீலக்கட்டி அரைக் கிலோ, திண்டிவனம் பக்கத்தில் செய்வது. வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு, அரிசித் தவிடு, கொஞ்சம் வெல்லம், வேலியோரத்து ஊசித்தகரை விதை. ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் நாள் அக்கா முகத்தைச் சுளித்தார், மணம் மாறியிருந்தது. ஒன்பதாம் நாள் மேலே செம்புத் தகடுபோல ஒரு படை, நடுவில் நீல நுரை, கீழே மஞ்சள்பச்சைத் தண்ணீர். நனைத்துப் பத்து நிமிடம் விட்டு எடுத்த துவாய் பச்சையாக வந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகியது. தறியை விட்டு எழும்பி வந்த பெண்கள் எல்லோரும் தங்கள் கைக்குட்டையை நனைக்கக் கேட்டார்கள். அன்று நெசவு நடக்கவில்லை.

குறைகள் உண்டு. புது நீலம் கையில் ஒட்டும். இரண்டு மூன்று தரம் அலசித்தான் கொடுக்க வேண்டும். கடும் நீலம் வேண்டுமென்றால் ஆறேழு தரம் நனைத்துக் காய விட வேண்டும், ஹைட்ரோஸ்காரர் அதற்குள் இருபது துவாய் முடித்திருப்பார். மார்கழி மழைக் குளிரில் தொட்டி தூங்கிவிட்டது. சாக்கால் சுற்றி, ஒரு பிடி தவிடு கொடுத்துத்தான் எழுப்பினோம். நீலக்கட்டியின் விலையும் கசக்கிறது. நம் காணியிலேயே அவுரி போடலாம், ஆனால் நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ நீலம் தேறினால் பெரிது. அதனால் இப்போதைக்கு வாங்குகிறோம்.

சிவப்புக் கரை வேண்டும் என்று அக்கா இன்னும் சொல்கிறார். அதற்குப் பற்றீரியா வேண்டாம், சாயவேர் இருக்கிறது என்றேன். டச்சுக்காரர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் தோண்டி எடுத்து வரி வாங்கின வேர் அது; படிகாரம் ஊட்டிய பருத்தியில் நிற்கிற சிவப்பு. தோண்டத் தெரிந்தவர்களைத் தேட வேண்டும், வேர் முற்ற வருடக்கணக்கில் ஆகும். அதுவரை துவாய்க்கு வெள்ளைக் கரைதான்.

கனடாக்காரருக்கு விசயத்தை எழுதினேன். பற்றீரியா என்ற சொல்லைக் கண்டு முதலில் பயந்தார், பிறகு அதையே அட்டையில் அச்சடிக்கலாமா என்று கேட்டார். நிறம் செடியுடையது, பற்றீரியா அதைக் கரைத்தது மட்டும் என்று அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன். முதல் பத்துத் துவாயை நிலையத்துப் பெண்களே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிணற்றடியில் பாவிக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் கொண்டுவந்து, நனைக்காமல் எடுத்து வைத்திருக்கிற துண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். இந்த ஞாயிறு ஐந்தாவது தரம்.